துணையின்றி முடித்தேன்

கெர்லிண்டே ஹோல்ட்காம்ப் ஒரு விளையாட்டைப் பற்றி வாயைத் திறந்தால், எங்கள் மன்றத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மன்றம் என்றால் இணையத்தில்தான். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு கதைக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட கதவையும் அலமாரியையும் கிளிக் செய்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, பூட்டிக் கிடப்பதைத் திறந்துகொண்டு மேலே போகிற விளையாட்டுகள் உண்டே, அவற்றுக்காக உயிரை விடும் முந்நூறு நானூறு ஜெர்மன்காரர்கள் கூடுகிற இடம். ஊர் உலகமெல்லாம் துப்பாக்கி விளையாட்டுக்குப் போய்விட்ட பிறகும் நாங்கள் மட்டும் சாவி தேடிக்கொண்டிருந்தோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கெர்லிண்டேவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வுப்பர்டாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பிள்ளை குட்டி இல்லை. கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு பீலஃபெல்ட் போனபோது பழைய கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதில் கிடந்த ஒரு விளையாட்டை அவள் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க ஆடி முடித்தாள். அப்போது பிடித்த பைத்தியம்தான். கடையில் அவளைவிடப் பதினைந்து வயது சின்ன மேனேஜர் எதற்கும் அவளிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. மன்றத்திலோ அவள் பெயர் ‘லாந்தர்க்காரி’. அவள் எழுதிய பிறகுதான் பாதிப்பேர் காசைக் கையிலெடுப்பார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டைப் பற்றிக் கருத்து எழுதினால் கடைசியில் மூன்று விஷயம் போட வேண்டும்: நூற்றுக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை மணி நேரம் ஆடினோம், அப்புறம் ‘துணையின்றி முடித்தேன்’ என்ற ஒரு வரி. முழு விடையை எட்டிப் பார்க்காமல் சொந்த மூளையாலேயே கடைசிவரை போனோம் என்பதற்கு அது சத்தியம் மாதிரி. எட்டிப் பார்த்திருந்தால் அந்த வரியை விட்டுவிட வேண்டியதுதான், யாரும் கேலி செய்யமாட்டார்கள். யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். ரோஸ்டாக்கில் ஒருவன் பொய்யாகப் போட்டு மாட்டிக்கொண்டான். நாலே நாளில் மன்றத்தை விட்டே ஓடிப்போனான்.

இன்னொன்றும் உண்டு. முதலில் வருகிற கருத்து பக்கத்தின் உச்சியில் ஒட்டப்படும். எட்டு வருடமாக அந்த உச்சி கெர்லிண்டேவுடையது.

அந்த இலையுதிர் காலத்தில் காஸலிலிருந்து யோஸ்ட் பிரிங்மையர் என்ற பையனும் அவன் சிநேகிதனும் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். வேலை முடிந்து வந்து, மூன்று வருடம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து செய்தது. பெயர் ‘தீவின் தபால்காரி’. முப்பது வருடம் தாமதமான ஒரு கடிதத்தை ஒருத்தி வட கடல் தீவுக்குக் கொண்டுபோகிறாள், அதுதான் கதை. ‘ஆந்தைக்கண்’ என்ற பெயரில் எழுதுகிற டெட்லெஃபுக்கும் தனக்கு வந்த அதே வெள்ளிக்கிழமை விளையாட்டு வட்டு தபாலில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கெர்லிண்டேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடை அடைத்ததும் ரயிலைப் பிடிக்கிறவள் போல வீட்டுக்கு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சமையலறை. அங்கே டோம்கே என்ற கிழவி உட்கார்ந்து பேசுகிறாள். பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். கெர்லிண்டே இரண்டு வாக்கியம் கேட்டாள். பிறகு மவுஸின் வலது பொத்தானைத் தட்டினாள். அதைத் தட்டினால் பேச்சு தாண்டிப்போகும். தட்டு, தட்டு, தட்டு. கிழவி வாயசைத்து ஓய்ந்தாள். வெளியே வந்தால் மதகு. மதகில் ஐந்து திருகு. ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயர். எதை முதலில் திருப்புவது? ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை முட்டிக்கொண்டாள். அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு தீய்ந்தது. அப்புறம், யாரும் பார்க்கவில்லையே என்று, யோஸ்டின் இணையப் பக்கத்தில் இருந்த முழு விடையைத் திறந்தாள். ‘மதகு: இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு, மூன்று.’ ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. முழு விடையில் என்றைக்குக் காரணம் இருந்திருக்கிறது!

மாலையே எழுதிவிட்டாள். “மதகுப் புதிருக்குத் தடயமே கிடையாது, வெறும் குருட்டு அதிர்ஷ்டம். மூன்றாம் அத்தியாயத்துக் கிழவி பேசுவது பிளாட்பாரத்தில் ரயில் தாமதம் அறிவிப்பது போல இருக்கிறது. நூற்றுக்கு நாற்பத்தொன்று. பதினோரு மணி நேரம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். விரல் தானாக அந்தக் கடைசி வரியையும் அடித்தது. துணையின்றி முடித்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடிப்பாவி, ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

அப்புறம் என்ன, மந்தைதானே. “லாந்தர்க்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் வாங்கலை” என்றான் ஒருவன். “நான் இன்னும் ஆடலை, ஆனா அந்தக் கிழவி குரலைக் கேட்டா தூக்கம்தான் வருமாம்” என்றான் இன்னொருவன். ஆடாதவனெல்லாம் அபிப்பிராயம் சொன்னான். ஒரே ஒருத்தி, ஃப்ளென்ஸ்பர்க் ஊர்க்காரி, “எனக்கு அந்தக் கிழவி பேசினப்போ அழுகை வந்துடுச்சு” என்று எழுதினாள். கெர்லிண்டே அவளுக்குச் சுருக்கென்று பதில் போட்டாள்: “அழுகை வேற, தடயம் வேற.” போட்டுவிட்டு, கிழவி அப்படி என்னதான் பேசினாள் என்று ஒரு கணம் நினைத்தாள். வட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்த அலமாரிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் செப்டம்பரில் எங்கள் கூட்டம். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஹாகனில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் நேரில் கூடுவோம். மதியம் மூன்று மணி, காப்பி, ஆளுக்கொரு கேக் வீட்டிலிருந்து. டெட்லெஃப்தான் ஏற்பாடு. லாரி ஓட்டுகிறவன், பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல்.

“வாம்மா லாந்தரு! உனக்கொரு விருந்தாளி வந்திருக்கான், காஸல்லேர்ந்து!”

யோஸ்ட் எழுந்து கை கொடுத்தான். முப்பது வயதிருக்கும், காது சிவந்த பையன். பக்கத்தில் நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மாள், மடியில் பிளம் கேக் டப்பா.

“இது எங்கம்மா, இர்மேலா. கேக் அவங்க பண்ணினது.”

“நீங்கதானா அது?” என்றாள் இர்மேலா. கோபமில்லை, குறையில்லை. “உங்களைப் பாக்கணும்னுதான் கூடவே வந்தேன். சாப்பிடுங்கம்மா, முதல் துண்டு உங்களுக்குத்தான்.”

யோஸ்ட் திருத்திய புதுப் பதிப்பைக் கொண்டு வந்திருந்தான். சுவரில் பெரிதாகப் படம் விழ, கெர்லிண்டேவையே உட்கார்ந்து ஆடச் சொன்னார்கள். பதினெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். மூன்றாம் அத்தியாயம் வந்தது. சமையலறை. நாற்காலி காலியாக இருந்தது. சுவரில் ஒரு காகிதம், அதில் ஐந்து பெயர் வரிசையாக.

“எங்கே அந்தக் கிழவி?” என்று கேட்டுவிட்டாள்.

“எடுத்துட்டோம்,” என்றான் யோஸ்ட். “டோம்கேவுக்கு அஞ்சு பிள்ளைங்க. ஒவ்வொருத்தரா தீவை விட்டுப் போனாங்க, யார் முதல்ல, யார் கடைசின்னு அவ சொல்லுவா. அந்த வரிசைதான் மதகு. அதான் தடயம்னு நாங்க நினைச்சோம். ஆனா உங்களை மாதிரி ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டே புரியலைன்னு சொன்னா, அப்புறம் தப்பு எங்க மேலதானே? அந்தக் காட்சியை வெட்டிட்டு காகிதத்தை ஒட்டிட்டோம்.”

கெர்லிண்டே சுவரிலிருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். ஐந்து பிள்ளைகள். ஐந்து திருகு. இவ்வளவுதானா!

“ஒண்ணு மட்டும் எனக்கு ஒரு வருஷமா மண்டையைக் குடையுது,” என்றான் அவன், வெள்ளந்தியாக. “தடயமும் புரியலை, முழு விடையும் பாக்கலை. பின்னே எப்படித் திறந்தீங்க? கத்துக்கறதுக்காகக் கேக்கறேன்.”

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. “ஒவ்வொண்ணா மாத்தி மாத்தித் திருகிப் பாத்தேன்.”

“நூத்தியிருபது வகை வருமேடி!” டெட்லெஃப் மேஜையைத் தட்டினான். “பாத்தீங்களாடா, இதான் லாந்தரு! நாமெல்லாம் பத்தாவதுலயே கம்ப்யூட்டரை ஜன்னல் வழியா வீசியிருப்போம்!”

எல்லாரும் கை தட்டினார்கள். கெர்லிண்டேவுக்கு அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது. அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. இனி மூச்சு விடாமல் கேக்கைத் தின்றுவிட்டு ரயிலேறிவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று உள்ளே ஒரு குரல் கணக்குப் போட்டது. கணக்குப் போடுகிற அந்தக் குரலை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காப்பிக் கெண்டியோடு இர்மேலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவன் மேல தப்பில்லைம்மா,” என்றாள் மெதுவாக. “டோம்கேவுக்குக் குரல் குடுத்தது நான்தான். நடிகைக்குக் குடுக்கப் பணம் ஏது? கம்பளியைத் தலையோட மூடிக்கிட்டு, ஃபிரிட்ஜை அணைச்சுட்டு, எங்க வீட்டு அடுக்களையிலயே பதிவு பண்ணினோம். எனக்கு நல்லா வந்துச்சுன்னு நினைப்பு. அப்புறம் நீங்க எழுதினதைப் படிச்சேன். ரயில் அறிவிப்பு மாதிரின்னு.” சிரித்தாள். “முதல்ல அழுதேன். அப்புறம் யோசிச்சேன், இந்தம்மா இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டுட்டுச் சொல்றாங்களே, உண்மையாத்தான் இருக்கும்னு. வியாழக்கிழமை வியாழக்கிழமை நூலகத்துல குழந்தைங்களுக்குக் கதை படிச்சுக்கிட்டிருந்தேன், பன்னெண்டு வருஷமா. பாவம், அதுங்க மரியாதைக்கு உக்காந்திருந்திருக்கும். விட்டுட்டேன்.”

கெர்லிண்டே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் காப்பி மேஜை விரிப்பில் கொட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு வருடம் உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்தச் சோறே இன்னொருத்தியின் தட்டிலிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றாள். நின்றால்தான் வாயிலிருந்து வரும் போலிருந்தது.

“நான் நூத்தியிருபது தடவை திருகலை,” என்றாள். “முழு விடையைப் பாத்தேன். டெட்லெஃபுக்கு முன்னாடி எழுதணும்னு அவசரம். பாத்துட்டு, துணையின்றி முடித்தேன்னு போட்டேன். இப்பவும் பொய்தான் சொன்னேன்.”

டெட்லெஃப் தன் தொந்தியையே பார்த்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யோஸ்டின் சிவந்த காது வெளுத்துப்போயிற்று.

இர்மேலாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. மன்றத்து விதியெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? மகனைப் பார்த்தாள், கெர்லிண்டேவைப் பார்த்தாள்.

“விடையைப் பாத்தா என்னம்மா, இதென்ன பரீட்சையா?” என்றாள். “அது போகட்டும். டோம்கே பேசினதைக் கேட்டீங்கதானே?”

“ரெண்டு வரி.”

“மிச்சம்?”

“தாண்டிட்டேன். பொத்தானைத் தட்டித் தட்டி... தாண்டிட்டேன்.”

இர்மேலா கெண்டியின் மூடியை எடுத்தாள், திரும்ப மூடினாள்.

“அப்போ என் குரலை நீங்க கேக்கவே இல்லையா?”

“இல்லை.”

“கேட்டுட்டுப் பிடிக்கலைன்னு சொன்னீங்கன்னு நினைச்சேன்,” என்றாள் இர்மேலா. “அதைத் தாங்கிக்கிட்டேன்.”

கெர்லிண்டே மன்னிப்புக் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். இர்மேலா தலையை ஆட்டினாள். ஆமென்றா, இல்லையென்றா தெரியவில்லை. பிறகு மேஜை விரிப்பில் கொட்டிய காப்பியைத் துடைக்க ஆரம்பித்தாள். கெர்லிண்டே துணியை வாங்கக் கை நீட்டினாள். இர்மேலா கொடுக்கவில்லை.