தோப்புக்குள் நட்ட கல்

விராலிமலை கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காலை நீட்டிப் போனில் ஒரு விளையாட்டு ஆடுவேன். ஆளில்லாத தீவில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டிச் சேர்த்து இருட்டுவதற்குள் குடிசை போட வேண்டும்.

அன்று இறங்கிய இடத்திலேயே அடர்ந்த தோப்பு. ஆனால் நடுவில் ஒரு கல் நட்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் காட்டிலும் சாமி இப்படி நட்ட கல்தான்; அங்கே சுள்ளிகூடப் பொறுக்க மாட்டோம். ஆகவே தோப்பை விட்டுத் தள்ளியிருந்த ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் மரம் சுமந்து வந்தேன். கூரை போடுவதற்குள் இருட்டிவிட்டது. ஓநாய் அடித்துச் செத்தேன். மறுபடி முதலிலிருந்து மேடேறினேன். கம்பெனியில் பட்ட பாடு போதாதென்று இது வேறு.

பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு எரிச்சல். "பக்கத்துலயே இம்புட்டு மரம் நிக்குது, அங்கிட்டு எதுக்குப் போறீங்க? போன்ல இருக்க மரத்துக்கு என்ன சாமி? இங்கிட்டுக் குடுங்க."

போனைப் பிடுங்கி, விளையாட்டு ஆளைத் தோப்புக்குள் நடத்திக்கொண்டு போனாள். முதல் மரத்தடியில் நிறுத்தினாள். வெட்டுவதற்கான பொத்தானுக்கு மேலே அவள் விரல் அப்படியே நின்றது.

"பூட்ஸோட உள்ள வந்துட்டான்ங்க," என்றாள்.

பிறகு அவனை அவசரமாகத் திருப்பி மேட்டுப் பக்கம் நடக்கவிட்டாள்.