கோமதி டீச்சர் மூடாமல் வைத்த டிஸ்க்

கோமதி டீச்சர் காலமான செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வந்தது. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து நன்னிலத்துக்குப் பேருந்து ஏறினேன்.

ஒரே பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் கணக்கு. சொல் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். பொருள் தெரியாமல் ஒரு சொல்லைக் கடந்துபோக மாட்டார், நம்மையும் விடமாட்டார். "புரியாததுக்குத் தலையாட்டாதீங்க டீச்சர், அப்புறம் தலையைத்தான் தேடணும்" என்பார்.

சிங்கப்பூரில் இருந்த அவருடைய தம்பி ஒருமுறை டிவிடி ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டிவியில் ஓடுவதையும் கேமராவில் எடுத்ததையும் டிஸ்கில் பதிகிற பெட்டி. அதனுடன் வந்த கையேட்டை டீச்சர் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார். 'ஃபார்மேட்' என்றால் டிஸ்கைப் பதிவுக்குத் தயார் செய்வது. ஏற்கெனவே பதிந்த டிஸ்கில் செய்தால் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். 'ஃபைனலைஸ்' என்ற சொல்லைத் தம் கணவர் பக்கிரிசாமிக்கு அவர் விளக்கியபோது நானும் அங்கே இருந்தேன்.

"விதைநெல்லை வைக்கோல்ல பொதிஞ்சு கோட்டை கட்டுற மாதிரிங்க. கட்டிட்டா எந்த ஊருக்கு வேணா எடுத்துட்டுப் போகலாம், எந்த மெஷின்லயும் ஓடும். ஆனா உள்ள ஒரு பிடிகூடச் சேர்க்க முடியாது."

"கட்டலைன்னா?"

"இந்தப் பொட்டியில மட்டுந்தான் ஓடும்."

பக்கிரிசாமி விவசாயி. ஊர்த் திருவிழாக்களில் மைக் பிடிப்பவரும் அவர்தான், கணீரென்ற குரல். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்களில் டீச்சர் அவரைப் பேசவைத்து டிஸ்கில் பதிந்தார். வயல்களின் பெயர்கள், மடைத் தகராறுகள், பாட்டு, இடையிடையே டீச்சரைக் "கோமு, கோமு" என்று சீண்டல். முடிந்ததும் ஃபைனலைஸ் செய்ய டீச்சர் ரிமோட்டை எடுக்க, அவர் தடுத்தார்.

"மூடாதே கோமு. போயிட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன்."

திரும்பி வந்தவருக்குக் குரல் இல்லை. பின்னும் சில ஆண்டுகள் இருந்தார். டிஸ்கை மூடிவிடலாமா என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். அவர் போன பிறகு டீச்சருக்கே மனம் வரவில்லை. "மூடிட்டா, அவர் இனிமே பேசமாட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் டீச்சர்" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியில் டிஸ்கைப் போட்டுக் கேட்பார்.

பிறகு ஒரு கோடையில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு இருவரும் போயிருந்தோம். முகாம் முடிந்து அவரோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன் செந்தில் வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான். ரெக்கார்டர் இருந்த மேசையில் புது டிவி.

"பழைய டப்பாவை எல்லாம் காயலான்கடைக்குப் போட்டுட்டேம்மா. டிஸ்க் பத்திரமா இருக்கு, பயப்படாதே. லேப்டாப்ல போட்டும் பாத்தேன். ஓடல, என்னமோ கேட்டுது. யெஸ் குடுத்தேன்."

டீச்சர் டிஸ்கைக் கையில் வாங்கினார். "என்ன கேட்டுதுன்னு வாசிச்சியாடா?"

"ஃபார்மேட் பண்ணவான்னு... எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா கேக்கும்."

டீச்சர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அப்படியே வெளியே வந்து என்னோடு தஞ்சாவூர் பேருந்தில் ஏறினார். மறுநாள், அழிந்ததை மீட்க முடியுமா என்று கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரர், "இது காலி டிஸ்க்ம்மா" என்று திருப்பித் தந்தார்.

"காலி இல்லீங்க. காலியாக்குனது" என்றார் டீச்சர்.

உறவினர்கள் ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்காகப் பெற்ற பிள்ளையைப் பகைப்பதா என்றார்கள். செந்தில் போன் செய்தால் டீச்சர் "ம்" என்பார். சாகும்வரை "ம்"தான். அது கொஞ்சம் கொடுமைதான் என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனாலும் மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது.

நேற்று வீட்டு வாசலில் செந்தில் என்னிடம் வந்தான். முன்தலை நரைத்திருந்தது.

"அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"சொல்லலப்பா" என்றேன்.

நாங்கள் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அமரர் ஊர்தி வளைவில் திரும்பியது. பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. வேறொரு ஊரில் அடுத்த வேலை இருந்திருக்கும், அவர்கள் நிறுத்தவில்லை. அந்த இரைச்சலில் சங்கொலிகூட எங்களுக்குக் கேட்கவில்லை.

டீச்சர், இறந்த பிறகு கணவரை மறுபடி பார்ப்பேன் என்று நீங்கள் நம்பினீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. உங்கள் நம்பிக்கைதான் சரி, நான்தான் தவறு என்று ஆகட்டும். யாரோ "கோமு" என்று கூப்பிட, நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும்.