ஷாக் இல்லாமல் வந்த ஸ்பிரிங்

ஸ்டைலுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்த வேண்டும் என்று என் கராஜுக்கு வந்தவர்களில் ஒருவராவது ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துக் கொண்டுவந்ததாக நினைவில்லை. கையில் ஸ்பிரிங்கோடு வந்து நிற்பார்கள். ஷாக் எங்கே என்று கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். ஃபிஜித் தீவில், இந்த லவுட்டோக்காவில் இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்துப் போடு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு.

எங்கள் ஊரில் சாமான் வந்து சேருகிற வழியும் அப்படி. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு ஊர் வருவார். கடையில் கிடைக்காத கார் சாமான் எல்லாம் அவர் பெட்டியில்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் தம்பி. எண்பத்தேழில் நடந்த முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஆக்லாந்துக்குப் போனவன். தொண்ணூற்றொன்பது தீமிதிக்கு வந்தபோது, பெட்டியைத் திறந்து துண்டில் சுற்றிய நான்கு ஸ்பிரிங்குகளை எடுத்து எங்கள் தங்கை வீட்டுக்காரர் மடியில் வைத்தான். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பிறந்த சந்தோஷம்.

"ஷாக்கு எங்கடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"வெயிட்டு தாண்டிப்போச்சு அண்ணே. ஏர்போர்ட்ல பொட்டிய தொறக்கச் சொல்லிட்டான். ஷாக்க எடுத்து வீட்டுக்கே திருப்பிக் குடுத்தனுப்பிட்டேன்."

"சாக்லேட்டத் திருப்பி அனுப்பியிருக்கலாமில்ல?"

"புள்ளைங்க கேக்குமே அண்ணே."

பெட்டியில் பாதி சாக்லேட். தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும்போது மறுபடி மறுபடி குதிக்காமல் அடக்குவது ஷாக். தாழ்த்துகிற ஸ்பிரிங் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதற்கு ஏற்ற குட்டை ஷாக்கும் கூடவே போட வேண்டும். பழைய நீள ஷாக்கை அப்படியே விட்டால் கார் குதித்துக்கொண்டே இருக்கும், ரோட்டைப் பிடிக்காது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. கார் தூக்கிப் போடும்போது சக்கரம் கீழே தொங்கும். நீள ஷாக் அதைத் தொங்க விடும். குட்டை ஸ்பிரிங் அவ்வளவு தூரம் எட்டாமல், உட்கார்ந்த இடத்தை விட்டே கழன்று விழும். ஒன்றை மட்டும் போடுவது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை.

இதை மாப்பிள்ளையிடம் மூன்று தடவை சொன்னேன். தம்பி ஆக்லாந்து திரும்பிய மறுநாளே கராஜ் வாசலில் காரோடு நின்றார்.

"போட்டுக் குடுங்க மச்சான். ஷாக்கு கிறிஸ்மஸுக்கு வந்துரும்."

"வரட்டும் மாப்பிள்ள. வந்ததும் ரெண்டையும் ஒண்ணா மாட்டுவோம்."

"அரே, குச் நை ஹோயி, மச்சான்!"

ஒன்றும் ஆகாதாம். இந்தியில் சொன்னால் ஆகாமல் போய்விடுமா? வேறு யாராவது இருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் இவர் வீட்டு மாப்பிள்ளை. தங்கையைக் கட்டினவர் வாய் விட்டு ஒன்று கேட்டு, அண்ணன்காரன் மறுத்துவிட்டால், பக்கத்தில் டிராசாவில் அவள் மாமியார் வீட்டில் அவளுக்குத்தான் பேச்சு விழும். உன் அண்ணனுக்கு எங்களைக் கண்டால் இளக்காரமா என்பார்கள். எங்கள் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். அவளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தேன்.

மாட்டி முடித்துப் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தேன். ஒழுங்கான கார் எழுந்து நின்றுவிடும். இது ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தது. டிராசாவிலிருந்து டவுனுக்கு வரும் ரோட்டை, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் சின்ன ரயிலின் தண்டவாளம் குறுக்கே வெட்டும்.

"கரும்பு ரயில் தண்டவாளத்துல மட்டும் ஊர்ந்து போங்க," என்றேன்.

"நான் என்ன பச்சப் புள்ளையா மச்சான்?"

கிறிஸ்மஸுக்கு ஷாக் வரவில்லை. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லையாம். சரி, பழைய ஸ்பிரிங்கையாவது திரும்ப மாட்டலாம் என்று கேட்டால், அதை வட்டுகோலா சுரங்கத்தில் வேலை பார்க்கும் சிநேகிதருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். இப்படி ஒரு மனுஷரிடம் என்ன பேசுவது! ஈஸ்டருக்கு நிச்சயம் என்றான் தம்பி. அதுவும் போயிற்று. மே மாதம் மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு; இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்ததைப் பொறுக்காதவர்கள் தலைநகர் சுவாவில் பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். நாடே நின்றது. போனில் தம்பி, "இந்த நேரத்துல எப்பிடி அண்ணே வர்றது?" என்றான். நானும் அவனை வா என்று சொல்ல முடியுமா? உள்ளூரில் வாங்கலாம் என்று போனேன். எனக்குத் தெரிந்த பார்ட்ஸ் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பிரிஸ்பேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் குடியேற பேப்பர் போடாத வீடு எங்கள் தெருவில் இல்லை. மாப்பிள்ளையும் நியூசிலாந்துக்குப் போட்டிருந்தார். அந்தக் கவலையில் காரைப் பற்றிப் பேசினால் எரிந்து விழுந்தார். நானும் பேசுவதை விட்டேன்.

தங்கை டவுனில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். தினம் அந்தக் காரில்தான் போய்வந்தாள். ஜூலையில் ஒரு காலை, டவுனில் மறுபடி கலாட்டா, ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மாப்பிள்ளை காரை விரட்டியிருக்கிறார். தண்டவாளம் தூக்கிப் போட்டது. பின்பக்கம் எழும்பி இறங்கும்போது ஒரு பக்கத்து ஸ்பிரிங் கழன்றது. கார் குறுக்கே திரும்பி, வாய்க்காலைத் தாண்டிக் கரும்புக்குள் போய் நின்றது.

நான் போய்ச் சேரும்போது, பக்கத்துக் கிராமத்துப் பூர்வீக ஃபிஜிக்காரர் ஒருவர் டிராக்டரில் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்துவிட்டிருந்தார். தங்கையைத் தன் வீட்டுப் பாயில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னதற்கு, பரவாயில்லை போ என்று தோளில் தட்டினார். டவுனில் கலாட்டாவும் இல்லை, மறியலும் இல்லை.

தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் தையல். மாப்பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரோட்டோரம் கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"தண்டவாளத்துல ஊர்ந்து போங்கன்னு சொன்னேனா இல்லையா மாப்பிள்ள?"

அன்று சாயங்காலம் போனில் தம்பியையும் விளாசினேன். "ஸ்பிரிங்கு நல்ல ஸ்பிரிங்குதான் அண்ணே," என்றான். ரிசீவரை வைத்துவிட்டேன். பிறகு பல நாள், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் இவர்கள் இருவரையும் திட்டித் தீர்த்தேன். ஆட்சியைக் கவிழ்த்தவர்களையும் விடவில்லை. சாக்லேட்டைக்கூடத் திட்டினேன்.

அடுத்த வருஷம் அவர்களுக்கு விசா வந்தது. நாண்டி ஏர்போர்ட்டில் மாப்பிள்ளை பெட்டிகளோடு வரிசையில் நின்றார். தங்கை என்னோடு ஓரமாக நின்றாள். அவளுக்கு இன்னும் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. கைப்பையை மறு கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணே?"

"கேளு."

"அந்த ஸ்பிரிங்கு கழண்டுக்கும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். மாப்பிள்ளகிட்ட மூணு தடவ சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. போகிற நேரத்தில் இதென்ன கேள்வி என்று. "ஒங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? கார் அவருது, ஓட்டுறது அவரு. நீ என்ன பண்ணியிருப்ப?" என்றேன்.

"பஸ்ல போயிருப்பேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை கையசைத்தார். அவள் என் முழங்கையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள். பத்து மாதம் அந்தக் கார் அவளோடு தண்டவாளத்தைக் கடந்தது. ஆக்லாந்தில் இருந்தவனிடம்கூடப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். டிராசாவில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.