பட்டியலில் இருந்த பெயர்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அந்த வாரம் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடித்துவந்தவள், திடீரென்று துவாலைப் பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று போய் நிற்கிறாள். துவாலை மடிப்பது நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை.

"முதுகு வலிக்குது சார்" என்றாள் சூப்பர்வைசரிடம்.

"துவாலை மடிக்க முதுகு வேண்டாமா?"

ஆண்டிறுதி விடுமுறைக் காலம். பாதிப்பேர் லீவில் இருந்தார்கள். வாதாட நேரமில்லாமல் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முதுகு நன்றாகத்தான் இருந்தது. தொல்லை விரிப்பின் மறுமுனையில் இருந்தது.

விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. நீராவி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழுவதை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டி, பாதியாக்கி, எதிரெதிராக நடந்து வந்து, விரலோடு விரல் சேர்த்து ஒருத்தி மற்றவளிடம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு முறை விலகிப்போய் நானூறு முறை நெருங்கி வருவது. பதினோரு வருடம் இவளுக்கு எதிர்முனையில் நின்றவள் நெட்டச்சி. உத்தரத்தில் தலை இடிக்கிற உயரம். இவளோ அவள் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். முதல் நாளே, "ஏய் குள்ளச்சி, கையைத் தூக்குடி, துணி தரையைக் கூட்டுது" என்று அவள் கத்தியதில் பெயர் ஒட்டிக்கொண்டது. நெட்டச்சி போனபின் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இந்தக் கதையிலாவது அந்தப் பெயர் இருக்கட்டும்.

நெட்டச்சிக்கு ஒரு பழக்கம். எல்லோரும் ஒருமுறை சுண்டினால் அவள் இரண்டு முறை சுண்டுவாள். முதல் சுண்டு துணிக்கு, இரண்டாவது குள்ளச்சிக்கு; தூங்காதேடி என்று அர்த்தம். அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எதிர்முனையில் இப்போது நிற்பவள் அதிகம் பேசாத, சாதுவான பெண். அவள் ஒருமுறைதான் சுண்டுவாள். ஆனால் குள்ளச்சியின் கைக்கு இரண்டு சுண்டு வரும். முதலில் பிரமை என்று தள்ளினாள். பிறகு எண்ணிப் பார்த்தாள். விடுமுறைக் காலம் நெருங்க நெருங்க அந்த இரண்டாவது சுண்டு பலமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் மணிக்கட்டு வெடுக்கென்று இழுபட்டு விரிப்பு கையைவிட்டு நழுவியது. அன்றைக்குத்தான் துவாலை கேட்கப் போனாள்.

போன வருடம் நடந்தது இது.

விடுமுறைக் காலத்தில் ஒரு நாள் விடிகாலை வேலை குள்ளச்சிக்கு விழுந்திருந்தது. நெட்டச்சிக்கு அன்று ஓய்வு. முந்தின நாள் சாயங்காலம் குள்ளச்சி சமையலறையில் நின்றபடி நெட்டச்சிக்கு போன் செய்தாள்.

"பொண்ணுக்குக் காய்ச்சல்டி. அனலா கொதிக்குது. நாளைக்கு எனக்குப் பதிலா நீ போறியா?"

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு, "சரி, பாத்துக்கோ. நான் போறேன்" என்று நெட்டச்சி வைத்துவிட்டாள்.

மகளுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு வயதுக்காரி, பள்ளி மூடிய குஷியில் பக்கத்து அறையில் கட்டிலின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். குள்ளச்சிக்குத் தூங்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். மூன்று வாரமாக நாலு மணிக்கு எழுந்து எழுந்து கண்ணெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு நாள், ஜன்னலில் வெயில் ஏறும்வரை போர்வைக்குள் கிடக்க வேண்டும். அதைச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்ததால் மகள் தலையில் காய்ச்சலை ஏற்றினாள். கணவரிடம், "டியூட்டி மாறிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மழை பெய்துகொண்டிருந்த அந்த விடிகாலையில், பணியாளர்களை ஏற்றிவந்த வேன் வளைவில் சறுக்கி ஒரு லாரியில் மோதியது. உள்ளே ஆறு பேர். ஐந்து பேர் காயங்களோடு தப்பினார்கள்.

இடம் மாற்றிக்கொண்டது இருவருக்குள் பேசியதுதான். சுவரில் ஒட்டிய பட்டியலில் குள்ளச்சியின் பெயரே இருந்தது. அலுவலகத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டு அவள் கணவருக்கு போன் செய்தார்கள். உங்கள் மனைவி வந்த வேன் விபத்தில் சிக்கிவிட்டது, உயிர் இல்லை, உடனே வாருங்கள் என்றார்கள்.

கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். தெருவில் அவருக்குப் பெயர் பெயின்டர். போனைக் காதில் வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் குள்ளச்சி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே கட்டிலடியில் சரிந்து, அவள் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவள் கண் விழித்தது அந்த அழுகைக்குத்தான்.

அந்த அழுகைக்கு நடுவில் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குள் பெயின்டரின் அக்கா வந்து இறங்கிவிட்டாள். காலையில் கண் திறந்தது முதல் கடவுளைக் கூப்பிடாமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காதவள்.

"பட்டியல்ல பேர் இருந்துச்சு, ஆள் இல்ல. பாத்தியா? கடவுள் தன் கையால உன்னைத் தூக்கி வெளியில வெச்சிருக்கார்" என்று நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நெட்டச்சியின் துக்க வீட்டில், வேனில் இருந்து பிழைத்த ஒரு பெண் அவள் காதருகே வந்து, "உன் சீட்லதான் உக்காந்திருந்தா. டிரைவருக்குப் பின்னால. 'இன்னைக்கு நான்தான் குள்ளச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறினா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அதன்பிறகு குள்ளச்சி அந்த வேனில் ஏறவில்லை. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போனாள்.

அந்த வருடம் எப்படியோ நகர்ந்தது. பெயின்டர் தினமும் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி, "இவளை எங்களுக்குத் திருப்பித் தந்ததுக்கு நன்றி" என்பார். குள்ளச்சி முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்குவாள். நடு வருடத்தில் மகளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் இறங்கிவிட்டது. அந்த மூன்று நாளும் குள்ளச்சி கட்டிலைவிட்டு நகரவில்லை. நெற்றியைத் தொட்டபடி, "நான் சும்மாதான் சொன்னேன், சும்மாதான் சொன்னேன்" என்று முணுமுணுத்தாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கடவுளிடமா, நெட்டச்சியிடமா? பிரார்த்தனைக்குக் கைகூப்பினால் கண்ணுக்குள் வருவது நெட்டச்சியின் நீண்ட விரல்கள்தான். அதனால் கைகூப்புவதையே நிறுத்திவிட்டாள். துவாலைக்கு மாறிய பிறகும் நிம்மதி வரவில்லை. கூடத்தின் அந்தப் பக்கம் விரிப்பு சுண்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் காது தானாக இரண்டாவதற்குக் காத்திருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் விபத்து நடந்த அதே தேதியில், பகல் சாப்பாட்டுக்கு நாத்தனார் பை நிறையப் பழங்களோடு வந்து சேர்ந்தாள். தெருவில் வீட்டுக்கு வீடு வண்ண விளக்குச் சரம் தொங்கியது. மகள் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டிச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தாள். பெயின்டர் அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"இந்த நாள் நம்ம வீட்டுக்கு இன்னொரு பொறந்த நாள்" என்று தொடங்கினாள் நாத்தனார். "கடவுளே, அன்னைக்கு இவ உயிரைக் காப்பாத்தினீங்க. இந்தக் குழந்தைக்குத் தாயை மிச்சம் வெச்சீங்க." பிறகு கண்ணைத் திறந்தாள். "இந்த வருஷம் நீயே உன் வாயால நன்றி சொல்லும்மா."

மூவரும் அவளையே பார்த்தார்கள். குள்ளச்சி கையைக் கூப்பினாள். வாயைத் திறந்தாள்.

"நான் பொய் சொன்னேன்" என்றாள்.

ஒருவருக்கும் புரியவில்லை.

"டியூட்டி மாறல. நான்தான் மாத்தினேன். இவளுக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லி நெட்டச்சியை அனுப்பினேன். தூங்கணும்போல இருந்துச்சு. அதான். கடவுள் ஒண்ணும் செய்யல. நான் செஞ்சேன்."

"எனக்குக் காய்ச்சலே இல்லையே" என்றாள் மகள்.

"இல்ல கண்ணு. இல்ல."

நாத்தனார் முகம் வெளிறிப்போனது. கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

பெயின்டர் தட்டைத் தள்ளிவைத்தார். "ஒரு வருஷமா தினம் நன்றி சொல்றேன். எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எப்படிம்மா உன்னால முடிஞ்சுது?"

"முடியலையே. முடிஞ்சிருந்தா இப்ப ஏன் சொல்றேன்?"

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நெட்டச்சியின் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. துக்கத்துக்குப் போய்வந்த பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டாவது தெரு திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பெயின்டர். பக்கத்தில் வந்து நடந்தார்.

நெட்டச்சியின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர் இருவரையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஆளுக்கான சின்னப் பாத்திரம்.

குள்ளச்சி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் கேட்டு முடித்து அடுப்பைத் தணித்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க போன் பண்ணப்போ பின்னால உங்க பொண்ணு குதிக்கிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் அவளுக்குக் கேட்டுச்சாம். போனை வெச்சதும் எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. 'காய்ச்சல்காரி என்னா குதி குதிக்கிறா பாருங்க'ன்னு."

இடம் பண்ணிக் கொடுத்த நாற்காலியில் குள்ளச்சி இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னேன், பொய்னு தெரிஞ்சுபோச்சுல்ல, போகாதேன்னு. கேக்கல. 'பதினோரு வருஷத்துல அவ எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. ஒரு நாள் தூங்கட்டும் பாவம்'னா."

"இதை ஏன் அண்ணா எங்கிட்ட சொல்லல?"

"நீங்களா வருவீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். வரல. அப்புறம் எனக்கும் வீம்பு." அவர் கைகளைத் துணியில் துடைத்தார், ஈரம் இல்லாத கையை வெகுநேரம் துடைத்தார். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்மா. உங்க பொய்யை எல்லார்கிட்டயும் சொல்லிடணும்னு பல நாள் துடிச்சிருக்கேன். ஆனா அதைச் சொன்னா, அவ தெரிஞ்சேதான் போனாங்கறதையும் சொல்லணும். அது எனக்கு வாயில வரல. நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நின்னிருப்பா."

கீழே தெருவில் யாரோ குழந்தைகள் ஊதல் ஊதிக்கொண்டு ஓடினார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அவர், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"இல்ல" என்றார் பெயின்டர். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை.

இருந்த சோற்றை மூன்று தட்டில் போட்டார். ஆளுக்கு நாலு வாய் வரும். சாப்பிடக் கை வைக்கும் முன் அவர் தயங்கினார். "அவ இருந்தப்போ ஏதாவது சொல்லிட்டுத்தான் சாப்பிடுவோம். அப்புறம் எனக்குச் சொல்லத் தோணல. உங்கள்ல யாராவது சொல்றீங்களா?"

தினமும் சொல்லிப் பழகிய பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார். குள்ளச்சிதான் கைகூப்பினாள்.

"அவளுக்கு நன்றி" என்றாள் கடைசியில். "எனக்குத் தகுதி இல்ல. தெரிஞ்சே குடுத்தா. கடவுளே, உங்களுக்கு எதுக்கு நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவளைப் பத்திரமா வெச்சுக்குங்க."

"போதும்" என்றார் லென்ஸ்காரர். சாப்பிட்டார்கள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பெயின்டர் ஒன்பது நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தாம் நாள், குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். அங்கிருந்து மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. நாத்தனார் அடுத்த மாதம் போனில், "உனக்காக வேண்டிக்கிறேன், அந்தப் பொண்ணுக்காகவும்" என்றாள். சலவைக்கூடத்தில் குள்ளச்சி தானே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வேனில் தப்பிய ஐந்து பேரில் இருவர் அதன்பின் அவளோடு பேசுவதில்லை. அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஞாயிறுகளில் அவள் அந்த மூன்றாம் மாடிக்குப் போகிறாள். சில நாள் லென்ஸ்காரர் கதவைத் திறப்பார். நெட்டச்சி கல்யாணமான புதிதில் கதவு நிலையில் தினமும் தலை இடித்துக்கொண்ட கதையெல்லாம் சொல்வார், இருவரும் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள். சில நாள் திறக்கமாட்டார். உள்ளே வானொலி ஓடுவது கேட்கும். குள்ளச்சி இரண்டாம் முறை தட்டுவதில்லை. மேல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடக்கிறாள்.