வெளிச்சத்தில் வைத்த அட்டை

எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோர மேசையில், டியூப்லைட்டுக்குக் கீழே, ஓர் அட்டை இருக்கிறது. பஸ் பாஸ் அளவுதான். நடுவில் மங்கிய ஆரஞ்சு நிறச் சதுரம். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும் லேசர் ஒளி அதில் பட்டால் ஒரு புள்ளி மின்னும். ஆனால் அட்டை முன்கூட்டியே வெளிச்சத்தைக் குடித்திருக்க வேண்டும். நாள்கணக்கில் இருட்டில் கிடந்தால் எதையும் காட்டாது. இப்போதெல்லாம் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தக் கூடத்தைத் துடைத்து வைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அட்டையைப் பற்றியும் மற்றதைப் பற்றியும் எனக்குச் சொன்னவர் அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம். முடி போன்ற கண்ணாடி இழையில் அந்த லேசர் ஒளி வரும்; கடுகைவிடச் சிறிய சில்லு ஒன்று அதை மின்சாரமாக மாற்றும். அந்தச் சில்லின் வேகத்தைக் கூட்டத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் மேசைமேல் குனிந்திருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். "புரியுதா, இல்ல சும்மா தலையாட்டிக்கினு கீறியாண்ணா?" என்பார். அதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன். "உன் வாயத் தொறக்க ஒரு மெஷின் கண்டுபுடிக்கணும்" என்று சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பார்வையாளர்கள் வந்தார்கள். மேசையில் ஒன்றும் கிடக்கக் கூடாது என்று மேலாளர் சொன்னதால் அட்டையை டிராயருக்குள் வைத்தேன். அவர்கள் போனதும் எடுத்து வைக்கலாம் என்றிருந்தவன், மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை மேடம் அவசரத்தில் இருந்தார். பக்கத்தில் இரண்டு இன்ஜினியர்கள். நான் வாசலருகே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேசையில் அட்டையைக் காணாமல் டிராயரைத் திறந்து, அட்டையை எடுத்து, இழையின் நுனிக்கு முன்னால் பிடித்தார். புள்ளி வரவில்லை. "லேசர் ஆஃப்லதான் கீது" என்றார். நுனியில் தூசி இருக்கிறதா என்று பார்க்க பூதக்கண்ணாடிக் குழாயை அதில் பொருத்தி, இடது கண்ணை அருகே கொண்டுபோனார்.

எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. அட்டை மூன்று நாள் இருட்டில் கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்; லேசர் எரிந்துகொண்டிருந்தாலும் அது காட்டாது. "மேடம்" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். இன்ஜினியர்கள் திரும்பிப் பார்ப்பார்களே, நான் நினைப்பது தப்பாக இருந்தால் சிரிப்பார்களே என்று தயங்கினேன். மாப்பைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். "இன்னா இது, நடுவுல மட்டும் கறுப்பா தெரியுது."

அந்தக் கறுப்பு போகவேயில்லை. "என் தப்புதான். மீட்டர் வெச்சிப் பாக்காம அட்டைய நம்பிட்டேன்" என்று விசாரித்தவர்களிடம் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

மேடம் இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறார். தலையைச் சற்றுத் திருப்பி, வலது கண்ணால் சில்லைப் பார்க்கிறார். என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். முன்பு ஒருநாளும் அட்டையைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது தினமும் உள்ளே வந்ததும், பையைக்கூட இறக்காமல் கேட்கிறார்: "அட்டை வெளிச்சத்துலதானே கீதுண்ணா?"

"ஆமா மேடம்."

அது கண்ணெதிரே, டியூப்லைட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் அவர் உடனே நகர்வதில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல நிற்கிறார். நான் குனிந்து வாளியைத் தூக்குகிறேன்.