மூக்குக்கு வைத்த பந்தயம்

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. பத்தடி தள்ளி என் வீட்டுக்காரி பஜ்ஜி போடுகிறாள். சாரல் வந்தால் இரண்டு பேரும் நாள் முழுக்க நனைவோம். இரண்டு பேருக்கும் சளி பிடிக்கும். அவளுக்கு நாலு நாள். எனக்கு மூன்று வாரம்.

அருவித் தண்ணீர் தலையில் இருக்கிற கெட்ட நீரை இறக்குகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒழுக ஒழுக நல்லது என்பேன்.

போன வருசம் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் தேய்க்கும்போது தும்மிவிட்டேன்.

"சாரலா அண்ணாச்சி?" என்றார்.

"ஆமா. சாரல்தான்."

அடுத்த தும்மலுக்கு எழுந்து பக்கத்து ஆளிடம் போய்விட்டார். அன்றைக்கு அப்படி மூன்று பேர் போனார்கள்.

வீட்டுக்காரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் சளி பிடித்திருந்தது.

"ஒரே தண்ணியிலதான் நனையுதோம். எனக்கு மட்டும் கெட்ட நீரே கெடையாதோ? எல்லாம் அந்த சிகரெட்டு."

"ஏட்டி, அது நெஞ்சுக்குல்லா போகுது. மூக்குக்கு என்ன?"

"பொக எது வழியா வெளிய வருது?"

பந்தயம் வைத்தோம். யாருக்குச் சளி கடைசியில் போகிறதோ அவருக்குத் தோல்வி. அவள் தோற்றால் சிகரெட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் தோற்றால் சிகரெட்டை விட வேண்டும்.

நாலாம் நாள் அவளுக்குப் போய்விட்டது. எனக்கும் போய்விட்டது என்றேன். அடிக்கடி பாறைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

"அப்பம் கண்ண மூடுங்க." சூடான டம்ளரை மூக்கருகே நீட்டினாள். "என்ன வாசம், சொல்லுங்க."

"சுக்குக் காப்பி. இதுகூடவா தெரியாது?"

வாங்கி ஒரு வாய் குடித்தேன். என் எண்ணெய். முதுகில் தேய்க்கிற எண்ணெய். சுடவைத்திருக்கிறாள்.

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மூக்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கு. அழுக்கையும் கிருமியையும் பெருக்கித் தள்ளும். புகை பட்டா சரியா பெருக்காது. கிருமி வந்தா உடம்புக்குத் தகவல் சொல்லுறதும் மூக்குதான். புகை பட்ட மூக்கு அதையும் மெதுவாத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா.

"வெள்ளம் வந்த பொறவு விசில் ஊதுத மாதிரி," என்றாள் வீட்டுக்காரி. அருவியில் தண்ணீர் கூடினால் விசில் ஊதித்தான் ஆட்களை வெளியேற்றுவார்கள்.

டாக்டரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சிகரெட்டை விட்டேன். கஷ்டம்தான். எழுத ஒன்றும் இல்லை.

இந்த வருசமும் சளி பிடித்தது. ஆறாம் நாள் போய்விட்டது. சொல்லவில்லை. சுக்குக் காப்பி நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. சும்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுத்திருந்தேன்.

பத்தாம் நாள் டம்ளரோடு வந்தாள். "கண்ண மூடுங்க."

"எண்ணெய்! கொண்டுபோ அங்கிட்டு," என்று கத்திவிட்டேன்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க, வேலைக்குப் போங்க."