மழை நாளில் ஓர் அலறல்

இது நான் இயக்கும் ஐந்தாவது பேய்ப் படம். கதவு கிறீச்சிடுவதும் கண்ணாடியில் முகம் தெரிவதும் எனக்கே அலுத்துவிட்டன. தயாரிப்பாளருக்கு இன்னும் அலுக்கவில்லை. அதனால் இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயங்களில் ஆளில்லாத பழையது ஒன்றில் படப்பிடிப்பை வைத்தேன்.

மூன்று நாளாக மழை விடவில்லை. பிற்பகலில் நடிகை அலறும் காட்சி. நன்றாகவே அலறினார். நான் 'கட்' சொல்வதற்குள் மேல் லயத்துக் கதவுகளெல்லாம் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டைகள் வைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சனம் கோயில் மேட்டுக்கு ஓடியது. மழைக்காலத்தில் அலறல் கேட்டால், மலை சரிகிறது என்றுதான் அங்கே அர்த்தம். சிறுவயதில் நானும் அப்படி ஓடியவன். பயம் காட்டியே பிழைத்ததில் அதை மறந்துபோயிருந்தேன். அலறல் காட்சி எடுக்கப்போவதை அங்கே யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க மேட்டுக்கு ஏறினேன். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அக்கா, "எந்தப் பக்கம் தம்பி சரிஞ்சிச்சு?" என்றார்.

"ஒன்னும் சரியலக்கா. பேய்ப் படம் எடுக்கிறோம்."

"பேய்தானா?" என்றவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுப்பில் விட்டுவந்த சோற்றைப் பார்க்க இறங்கிப் போனார்.